தனிக் குடம்

இன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. மகள் போர் தண்ணீரில் போட்டுத் தந்த டீ கரித்தது.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் கிணறும் இப்படித்தான் கரிக்கும். எழுபதுகளில் நாங்கள் கோவைக்குக் குடிபெயர்ந்த பிறகு சித்தி அந்த வீட்டிலேயே இருந்தாள். ஒரு வருடம் சிறுவாணித் தண்ணீர் குடித்துவிட்டு விடுமுறைக்குப் போன நான், அவள் தந்த தண்ணீரை முதல் மடக்கிலேயே முற்றத்தில் துப்பினேன். பிறந்ததிலிருந்து நான் குடித்து வளர்ந்த தண்ணீர் அது.

சித்தி முகம் சுளிக்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு, ஆற்றுத் தண்ணீர் வரும் தெருக்குழாய்க்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"அசலூருப் பிள்ளைலா, நம்ம தண்ணி சேராது" என்று வரிசையில் நின்றவளிடம் சொன்னாள்.

அதன்பின் நான் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் எனக்கு மட்டும் தனிக் குடம்.

"கொட்டிட்டு, கேன் தண்ணி வாங்கி வேற போடட்டுமாப்பா?" என்றாள் மகள்.

வேண்டாம் என்று கடைசி மடக்கு வரை குடித்தேன். சித்தி இருந்து பார்த்திருக்கலாம்.