டிஃபால்ட்டில் இல்லாத கணினிகள்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துப் பொது மண்டபத்தின் ஓரத்து அறையில் சில பழைய கணினிகள் இருந்தன. கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துப் போட்டவை. பதுளையில் வாடகை அறை எடுத்து மென்பொருள் வேலை செய்துவந்த நான், ஞாயிறுதோறும் போய் அவற்றை ஓட வைப்பேன். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, மாலையில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளை அவற்றின் முன் உட்கார வைப்பார்.

இயங்குதளத்தின் கருவான கர்னலை உருவாக்கும்போது, எந்தச் செயலிக்கு, அதாவது பிராசசருக்கு, என்னென்ன பகுதிகள் தாமாகவே சேர வேண்டும் என்று ஒரு டிஃபால்ட் அமைப்பு உண்டு. எங்களுடையவை பழைய 32 பிட் செயலிகள். அவற்றின் டிஃபால்ட்டிலிருந்து எங்கள் நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை எடுத்துவிடலாம் என்று டெவலப்பர்களின் மின்னஞ்சல் குழுவில் ஒருவர் முன்மொழிந்தார். நாங்கள் போட்டிருந்த இயங்குதளம் டிஃபால்ட்டை அப்படியே எடுத்துக்கொள்வது. டிரைவர் போனால் அடுத்த அப்டேட்டோடு இணையமும் போய்விடும்.

வேண்டாம் என்று எழுதினேன். சிலர் எனக்காக வாதாடினார்கள். வேண்டியவர்கள் தாங்களே சேர்த்துக்கொள்ளலாமே என்றார்கள் வேறு சிலர். கடைசியில் அந்தப் பகுதியின் பொறுப்பாளர் மரியாதையாகவே கேட்டார்: யாரும் சோதிக்காததை எப்படி வைத்துக்கொள்வது? வரப்போகும் பதிப்பை நீங்கள் சோதித்துச் சொன்னால் விட்டுவைக்கிறேன். நான் ஒப்புக்கொண்டேன்.

அந்த வாரமே மழை பிடித்தது. மேல் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருந்ததால், அங்கிருந்த குடும்பங்களை மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். கணினிகளை உர பேக்குகளில் கட்டிப் பரணில் ஏற்றினோம். அறையில் பாய் விரிந்தது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. நான் பதுளைக்குத் திரும்பியதும் பாதையிலும் மண் சரிந்தது. கைக்குழந்தையோடு ஒருத்தி படுத்திருக்கும் இடத்தில் எதைப் போட்டுச் சோதிப்பது?

நிலைமையை எழுதினேன். எல்லோரும் பத்திரமாக இருக்கிறீர்களா என்று பலர் விசாரித்தார்கள். பொறுப்பாளரும் வருத்தம் தெரிவித்தார். பதிப்பு வெளிவரும்போது டிரைவர் டிஃபால்ட்டில் இல்லை. யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் இன்னும் வலித்தது.

பாதை திறந்ததும் போனேன். மழை நின்றும் குடும்பங்கள் மண்டபத்திலேயே இருந்தன. பழைய லயத்துக்குத் திரும்பக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள், புது இடம் எதுவென்று யாரும் சொல்லவில்லை. டிரைவரை நானே சேர்த்துக் கர்னலை உருவாக்கிக்கொண்டு வந்திருப்பதாக அக்காவிடம் சொன்னேன். ஒவ்வோர் அப்டேட்டுக்கும் இப்படியே செய்ய வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அக்கா பரணை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "இங்க இனி யாரு தங்கச்சி படிக்கப் போறா? படுக்கவே எடமில்ல. அந்தப் பொட்டிங்கள எடுத்துட்டுப் போயிரு. பரண் ஒழிஞ்சா இவங்க சட்டி பானையாவது வச்சுக்குவாங்க" என்றார்.

இறக்கி ஆட்டோவில் ஏற்றினோம். பரணில் யாரோ உடனே ஒரு துணி மூட்டையை ஏற்றினார்கள்.

இப்போது அந்தக் குழுவில் வேறொரு பழைய செயலியை நீக்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஊரிலோ ஒருவர், தன்னிடம் அது இன்னும் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறார். அவருக்கு நான் எதுவும் எழுதவில்லை.