சிலுவையைத் தூக்கவும் முதுகெலும்பு வேண்டும்

என் கால்கள் இரண்டும் என் பேச்சைக் கேட்காமல் போனது எழுபத்தொன்றாம் வருஷம், ஈஸ்டர் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில். மயிலாப்பூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் டிரில் டீச்சர். பெயர் ஃபிலோமினா. அப்போது முப்பது வயது ஆகவில்லை. காலை வெயிலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கையை மேலே தூக்கு, காலை அகட்டு என்று சொல்லிக்கொண்டே நானும் செய்து காட்டினேன். கை மேலே போனது. கால் போகவில்லை. மண்ணில் ஒட்டினாற்போல நின்றது. அடுத்த நிமிஷம் நான் தரையில் கிடந்தேன்.

அதற்கு முன்பே பல மாதமாக நடு முதுகில் வலி. வாயு என்றார்கள். தைலம் தேய்த்தார்கள். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் வரும், உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. டிரில் டீச்சர் முதுகுவலி என்று சொன்னால் சிரிப்பார்களே என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நடு முதுகில் இரண்டு எலும்புகள் டீயில் நனைத்த பிஸ்கட்டைப் போலக் கரைந்து ஒன்றின்மேல் ஒன்று சரிந்திருந்தன. "எலும்பு டி.பி.ம்மா" என்றார். டி.பி. என்றால் நெஞ்சில் வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பிள்ளைகளுக்கு முதலுதவிப் பாடமும் நான்தான் எடுப்பேன். எலும்புகள் எதற்கு என்று கேட்பேன். உடம்பை நிமிர்த்தி வைக்க, அசைய, உள்ளே இருப்பதைக் காக்க என்று கோரஸாகச் சொல்வார்கள். நாம் கையை மடக்கினால் தசை இழுக்கிறது என்கிறோம். அந்தத் தசை எதைப் பிடித்து இழுக்கும்? எலும்பைத்தான். எலும்பு இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பயில்வானும் ஈரத்துணி மாதிரிக் குவிந்து கிடப்பான். முதுகெலும்பு இன்னும் ஒரு வேலை செய்கிறது. மூளையிலிருந்து கால் வரைக்கும் செய்தி கொண்டுபோகும் நரம்புக் கற்றையைத் தன் நடுவில் பொத்தி வைத்திருக்கிறது. என் முதுகில் அந்தக் காவல் இடிந்து விழுந்து, சீழ் கட்டி நரம்பை நெருக்கிக்கொண்டிருந்தது. நான் அனுப்பிய செய்தி காலுக்குப் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பாடமாகச் சொன்னது சுலபம்.

என் உடம்பின் பின்பக்க அளவுக்கு மாவுக்கட்டில் ஒரு தொட்டி செய்து அதில் என்னைப் படுக்க வைத்தார்கள். தினம் ஊசி, கை நிறைய மாத்திரை. கொஞ்ச நாள் கழித்து ஆபரேஷன் தேவையா என்று பார்க்கலாம், முறை வரும்வரை வீட்டில் இருங்கள் என்று அனுப்பினார்கள். சாந்தோமில் கடற்கரைக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. நெஞ்சுக்குக் கீழே ஈ உட்கார்ந்தால்கூட எனக்குத் தெரியாது. என் கணவர் சேவியர் பஸ் டிப்போவில் மெக்கானிக். காலையில் என்னைத் துடைத்து, துணி மாற்றி, மருந்து கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். ஒரு முகச் சுளிப்பு கிடையாது.

பார்க்க வந்தவர்கள்தான் என்னைப் படுத்தினார்கள். டி.பி. என்பதால் வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஆறுதல் சொல்வார்கள். எல்லாரும் ஒரே மாதிரி. ஆண்டவர் சித்தம், ஏத்துக்கோ. பங்குக் கோயிலிலிருந்து வந்த ஒரு அம்மா, "இது உனக்குக் கொடுத்த சிலுவை டீச்சர். பொறுமையா சுமக்கணும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சிலுவையைத் தூக்கவும் முதுகெலும்பு வேணும்மா. முதல்ல அதை வாங்கிக்கிறேன்" என்றேன். அந்த அம்மா அப்புறம் வரவே இல்லை.

அன்றிலிருந்து என் ஜெபம் மாறியது. அதுவரை கேட்டதெல்லாம் நல்ல பிள்ளை ஜெபம். இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு சண்டை போட்டேன். சாமி, எனக்குப் பொறுமை வேண்டாம். அதை வேற யாருக்காவது கொடு. எனக்கு எலும்பு வேணும். நீ கொடுத்ததைத்தான் திருப்பிக் கேக்குறேன். தரும்வரைக்கும் விடமாட்டேன். தினமும் இதே ஜெபம்தான். நான் பெரிய பக்தை என்று யாரும் நினைக்க வேண்டாம். அழுதது உண்டு. பல நாள் அவர் இருக்கிறாரா என்றே சந்தேகப்பட்டேன். ஆனாலும் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது டாக்டர் முடிவாகச் சொன்னார். மருந்து மட்டும் போதாது. பக்கவாட்டில் நெஞ்சைத் திறந்து, அழுகின எலும்பை வழித்து எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் நல்ல எலும்புத் துண்டை முட்டுக் கொடுக்க வேண்டும். பிழைப்பேன் என்றோ நடப்பேன் என்றோ உறுதி தர முடியாது. சேவியர் வெளுத்துப் போனார்.

இந்தச் சமயத்தில் என் நாத்தனார் ஸ்டெல்லா, சைதாப்பேட்டையில் ஜெபக்கூட்டம் நடத்தும் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அண்ணன் இப்படிக் கஷ்டப்படுகிறாரே என்ற பாசம்தான், வேறு காரணம் இல்லை. அவர் பாடினார், உரக்க ஜெபித்தார். பிறகு என் படுக்கையைச் சுற்றி நடந்து மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார்.

"விசுவாசம் இருக்குதா மகளே?"

"இருக்குதுங்க."

"அப்ப இது எதுக்கு? மாத்திரை எதுக்கு? இதைத் தூக்கிப் போட்டுட்டு எழுந்திரு. இது உன் அவிசுவாசத்தின் அடையாளம்."

ஸ்டெல்லா என்னைத் தூக்கி உட்கார வைக்க முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தாள். நிமிர்த்தியிருந்தால் மீதி நரம்பும் நசுங்கியிருக்கும்.

"கையை எடு ஸ்டெல்லா" என்றேன். பள்ளிக்கூட மைதானத்துக் குரல். அவள் பயந்து விலகினாள். அவரிடம் சொன்னேன். "ஐயா, வீடு கட்டுறப்ப சாரம் கட்டுறாங்க. அது மேஸ்திரிக்கு நம்பிக்கை இல்லாததாலயா? சுவர் இறுகுற வரைக்கும் தாங்க வேணாமா? நான் கேட்ட எலும்பு இந்தத் தொட்டிக்குள்ளதான் வரப்போகுது. இதை யாரும் தொடக்கூடாது."

"இப்படிப் பேசுற வாய் இருக்குற வரைக்கும் நீ எழுந்திருக்க மாட்டே" என்றார்.

"எழுந்திருப்பேன்யா. வாயோடதான் எழுந்திருப்பேன்."

அவர் போய்விட்டார். ஸ்டெல்லாவும் கோபத்தோடு போனாள். சேவியர் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். "நானும் ஒரு நிமிஷம் தூக்கிடலாமான்னு நினைச்சேன் ஃபிலோ" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குச் சொல்லியனுப்புங்க. ஆபரேஷன் பண்ணிக்கிறேன்" என்றேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் வந்து, "முட்டுக் கொடுக்க உங்க விலா எலும்பையே ஒண்ணு எடுக்கப்போறோம். சம்மதமா?" என்று கேட்டார். "ஏவாளைப் படைக்க ஆதாமைக் கேக்காமலேயே எடுத்தாரு ஆண்டவர். நீங்க கேட்டாவது எடுக்குறீங்களே. எடுத்துக்கோங்க டாக்டர்" என்றேன். அவர் இந்து. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சிரித்தார்.

கண் விழித்தபோது மூச்சு விடுவதே கத்தியால் குத்தினாற்போல இருந்தது. அதையும் தாங்கினேன். கால் அசையாததைத்தான் தாங்க முடியவில்லை. வாரங்கள் போயின. அசைவே இல்லை. எலும்பு ஒட்ட வேண்டும், நரம்பு தெளிய வேண்டும், காத்திருங்கள் என்றார் டாக்டர். பக்கத்துப் படுக்கைகளில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். நான் கிடந்தேன். ஒருநாள் ஜெபத்தில் வார்த்தையே வரவில்லை. சாமி, நான் இன்னும் இங்கதான் இருக்கேன், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் ஸ்டெல்லா வார்டுக்கு வந்தாள். தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி. முகத்தை நேராகப் பார்க்கவில்லை. என் காலருகே உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துவிட்டாள். மறுநாளும் வந்தாள். அதன்பின் தினமும் வந்தாள். ஒரு மத்தியானம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அண்ணி, இப்ப விரலை இழுத்தீங்களா?"

"எந்த விரலை?"

"கட்டைவிரலை. என் உள்ளங்கையில முட்டிச்சு. திரும்பச் செய்ங்க."

என்னால் பார்க்க முடியாது. எனக்கு அங்கே உணர்ச்சியும் இல்லை. கண்ணை மூடி, விரலிடம் போ என்று சொன்னேன். அவ்வளவுதான் தெரியும். ஸ்டெல்லா என் பாதத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன்பின் நடந்தது அற்புதம் மாதிரித் தெரியாது. வேலை மாதிரித்தான் தெரியும். விரல், பாதம், முழங்கால். உட்காருவதற்குச் சட்டை மாதிரி ஒரு மாவுக்கட்டு. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிற்கவைத்தார்கள். எலும்பு பாரம் தாங்கத் தாங்கத்தான் உறுதியாகும், படுத்தே கிடந்தால் தேய்ந்துபோகும் என்றார் டாக்டர். தொடை வெடவெடக்க, கண்ணீர் வழிய நின்றேன். மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்ன நாள்வரை விடாமல் விழுங்கினேன்.

பள்ளியை நடத்தும் கன்னியாஸ்திரிகள் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகச் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். "நின்னு செய்யுற வேலைதான் வேணும் சிஸ்டர்" என்றேன். எழுபத்துமூன்றில் மறுபடி மைதானத்தில் நின்றேன். குதிக்க முடியாது. செய்து காட்ட ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொள்வேன். பரவாயில்லை.

மருந்துதானே குணமாக்கியது, இதில் ஜெபம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. மருந்துதான் குணமாக்கியது. நான் மறுக்கவில்லை. கத்தி, ஊசி, சேவியரின் கை, ஸ்டெல்லாவின் எண்ணெய், எல்லாம்தான். நான் எலும்பைக் கேட்டேன். ஆண்டவர் இத்தனை பேர் கையில் கொடுத்தனுப்பினார். யார் கையில் அனுப்ப வேண்டும் என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்களும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் அதே வார்டுக்குப் போகிறேன். மாவுக்கட்டில் கிடப்பவர்களுக்குக் கைக்கும் மூச்சுக்கும் பயிற்சி சொல்லித் தருகிறேன். அவர்களிடம் ஏத்துக்கோ என்று நான் சொல்வதில்லை. கேளுங்கள் என்கிறேன். கோபமாகக் கேளுங்கள். கோபத்தைக் கேட்டு ஓடிப்போகிறவர் அல்ல அவர். என்னைவிட மோசமாகத் திட்டியவர்களையும் அவர் பார்த்திருப்பார்.

கேட்ட எல்லாருக்கும் கால் திரும்பி வந்ததா என்றால், இல்லை. அந்த வார்டில் எனக்குத் தெரிந்த இருவர் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று அவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் வரவில்லை. அதற்காக நான் பெற்றதை மறைத்து வைக்க மாட்டேன். என் உடம்புக்குள் ஒரு விலா எலும்பு இடம் மாறி நின்று என்னைத் தாங்குகிறது. ஒவ்வொரு காலையும் கட்டிலிலிருந்து காலைத் தரையில் வைக்கும்போது நன்றி சாமி என்கிறேன்.

இங்கே ஜெபிக்கக் கூடியிருக்கும் உங்கள் வீட்டில் யாராவது நோயாகப் படுத்திருந்தால் அவர்களை விட்டுவிடாதீர்கள். மருந்தை விடாதீர்கள். கேட்பதை விடாதீர்கள். இப்போது அவர்களுக்காக ஜெபிப்போம். முடிந்தவர்கள் எழுந்து நில்லுங்கள். முடியாதவர்கள் அப்படியே இருங்கள். உங்களுக்கும் சேர்த்து நாங்கள் நிற்கிறோம்.