எலிக்கு விடியும் நேரம்

நீச்சல் குளத்தில் அவனுக்குப் புரொபசர் என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயரில்லை. பத்து வரி படித்துவிட்டு நூறு வரி பேசுவான். குளத்துக்குக் குளோரின் போட வந்தவரையே நிறுத்தி வைத்து, குளோரின் என்றால் என்னவென்று முக்கால் மணி நேரம் விளக்கிய மேதாவி. பிள்ளைகளுக்கு நீச்சல் என்னவோ நன்றாகத்தான் சொல்லிக் கொடுப்பான். தண்ணீருக்குள் வாயைத் திறக்க முடியாதே, அதனால் இருக்கலாம்.

அவன் மனைவிக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கூண்டு கழுவி, மரத்தூள் மாற்றி, தீனி வைத்து, ஒவ்வொன்றையும் வாலைப் பிடித்துத் தூக்கி எடை பார்க்க வேண்டும். பதினொரு வருஷப் பழக்கத்தில், புருஷனைவிட எலிக்குப் புத்தி அதிகம் என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். வெளியே சொல்வதில்லை.

ஒருநாள் போனில் எதையோ படித்துவிட்டு அவன் குதித்தான்.

"இங்க பாரு! தோல்ல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கடிகாரம் இருக்காம். வெயில்பட்டுக் கெட்டுப்போறதை ரிப்பேர் பண்ற வேலை சில நேரம் மும்முரமா நடக்கும், சில நேரம் படுத்துடும். காலையில ரொம்ப மந்தம், சாயங்காலம்தான் ஜோரு. நம்ம பாப்பாவைப் போய் காலையில நீந்த விட்டேனே!"

மறுநாளே பத்து வயது மகளின் பயிற்சி காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் மூன்றுக்கு மாறியது. கூரையில்லாத குளம். "மூணு மணி சாயங்காலமா?" என்று மனைவி கேட்டதற்கு, "ஆரம்பிச்சாச்சு" என்றான். முகத்துக்கும் தோளுக்கும் கிரீமாவது தடவுங்கள் என்றாள். செல்லே பார்த்துக்கொள்ளுமாம். அவன் தொண்டையோடு மல்லுக்கட்ட முடியாமல் அவள் எலிகளிடம் போய்விட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் தன்மேலேயே எரிச்சல் வரும்.

நான்காம் நாள் குழந்தை யாரையும் தொடவிடாமல் அழுதது. சட்டையை விலக்கிப் பார்த்தாள். இரண்டு தோளும் சிவந்து கொப்பளித்திருந்தன. அவன் போனைப் பிடுங்கி அந்தக் கட்டுரையைத் தேடிப் படித்தாள். இரண்டாவது வரியிலேயே இருந்தது.

"இது எலியை வெச்சுக் கண்டுபிடிச்சதுங்க."

"இருக்கட்டுமே. அதுக்கும் தோல்தானே?"

"எலி பகல்ல தூங்கும், ராத்திரி முழிச்சிருக்கும். காலையில நான் உள்ள போனா எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து தூங்கிட்டிருக்கும். சாயங்காலம்தான் அதுக்குப் பொழுதே விடியும். அப்ப மனுஷனுக்குக் காலையிலதானே அந்த ரிப்பேர் நல்லா நடக்கணும்? அதையும் இன்னும் யாரும் அடிச்சுச் சொல்லல. தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டு என் பொண்ணைச் சுட்டு வெச்சிருக்கீங்க. கடிகாரம் கிடக்கட்டும், மேல அடிக்கிற வெயில் கூடவா தெரியல?"

"கூண்டு கழுவுறவ எனக்குப் பாடம் எடுக்காதே" என்றான்.

அவள் குழந்தையைத் தோல் டாக்டரிடம் காட்டினாள். ஆறும்வரை வெயில் கூடாது, பிறகு காலையில் கிரீமும் கைமூடிய நீச்சல் உடையும் போட்டு விடுங்கள் என்றார். குளத்து அலுவலகத்துக்கு அவளே போய்ப் பயிற்சியைக் காலை ஆறுக்கு மாற்றி எழுதி வைத்தாள்.

மூன்று வாரம் கழித்து மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, குளக்கரையில் பெற்றோர்கள் சூழ அவன் நின்றுகொண்டிருந்தான்.

"எலிக்கு உல்டாங்க. அது ராத்திரிப் பிராணி. நமக்குக் காலைதான் சரி. இது நிறையப் பேருக்குத் தெரியாது. அதனாலதான் பாப்பாவைக் காலைக்கு மாத்திட்டேன்." கொஞ்சமும் கூச்சமில்லை.

அவளுக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. குனிந்து மகளின் தோளில் கிரீம் தடவினாள். உரிந்த இடத்தில் புதுத்தோல் வெளிறித் தெரிந்தது.

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு எல்லாமே தெரியுதுல்லம்மா?" என்றாள் பெருமையாக.

அதுவரை அவன்மேல் மனைவிக்கு இருந்தது இளக்காரம் மட்டும்தான். இப்போதுதான் முதல்முறையாகப் பயந்தாள்.