கடைக் காபியை நிறுத்தினேன்

பட்டுப் புடவை விற்பதில் நல்ல லாபம் என்று சொல்கிறவர்கள் காபிக் கடைச் செலவைச் சேர்க்காமல் சொல்கிறார்கள். நான் சேர்த்துப் பார்த்தவள்.

ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் ஆறு வருடம் புடவையைப் பிரித்தும் மடித்தும் தொழில் கற்றுக்கொண்டேன். பிறகு வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்க ஆரம்பித்தேன். தறிக்காரர்களிடம் நேராக வாங்குவதால் கடையைவிட விலை குறைவு. கல்யாணப் புடவை எடுக்கிறவர்கள் மட்டும் படத்தை நம்ப மாட்டார்கள். குடும்பத்தோடு நேரில் வருவார்கள். வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டுத்தான் மூட்டையைப் பிரிக்க வேண்டும் என்பது கடையில் நான் கற்ற முதல் பாடம். காபி குடித்தவர்கள் வெறுங்கையோடு எழுந்துபோகக் கூச்சப்படுவார்கள்.

நான் வீட்டில் காபி போடாமல், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக வந்த ஏசி காபிக் கடைக்கு அவர்களை அழைத்துப்போனேன். கௌரவம் என்று சொல்லிக்கொண்டேன். பொய். நாங்கள் பெரணமல்லூர் பக்கத்தில் நிலமில்லாமல் கூலிக்குப் போன குடும்பம். இப்போது இருக்கும் தெருவின் பெயரைச் சொன்னாலே எங்கள் சாதி தெரிந்துவிடும். தெரிந்தால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கடையில் குடிக்க வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தால், "இப்பதாம்மா குடிச்சோம், ஒண்ணும் வேணாம்" என்று சொல்ல அவர்களுக்கும் வசதி, கேட்க எனக்கும் வசதி. அவர்களுக்கான சாக்கை நானே காசு கொடுத்து வாங்கித் தந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் பதினோரு பேர் வந்தார்கள். ஐஸ்கிரீம் போட்ட காபி, பப்ஸ், பிள்ளைகளுக்குக் கேக். எடுத்தது ஒரே ஒரு புடவை. அதில் எனக்கு நின்ற லாபம் கடை பில்லுக்கே போதவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்தார். "நீ புடவ விக்கிறியா, இல்ல காபிக் கடைக்கு ஆள் புட்சிகினு போறியா?"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே ஃபில்டர் வாங்கினேன். சிக்கரி குறைத்து அரைத்த தூள், பக்கத்து வீட்டு மாட்டுப் பால். ஒரு வாரம் டிகாக்ஷன் போட்டுப் பழகினேன். குடித்துப் பார்த்த வீட்டுக்காரருக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். பதினோரு பேருக்கு அன்று கொடுத்த காசில் இப்போது ஒரு மாதத்துப் பாலும் தூளும் வந்துவிடுகிறது. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

"பேப்பர் கப்புல குடுத்துடு. யாருக்கும் பேஜார் இல்ல," என்றார் அவர்.

கோபம் வந்துவிட்டது. எங்கள் ஊர் டீக்கடையில் என் அப்பாவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தார்கள். "நம்ம வூட்டுக்கு வர்றவங்களுக்கு நாமளே தனியா கப்பு வாங்கி வைக்கணுமா? நாம குடிக்கிற டம்ளர்லதான் குடுப்பேன்," என்றேன்.

முதலில் வந்தது கலசப்பாக்கம் பக்கத்துக் குடும்பம்: கல்யாணப் பெண், அவள் அம்மா, அத்தை. முகூர்த்தப் புடவையோடு சேர்த்து ஏழு வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். அவ்வளவு பெரிய வியாபாரம் எனக்கு அதுவரை வந்ததில்லை. மூன்று டம்ளர் காபியைத் தட்டில் கொண்டுவந்து வைத்தேன்.

"இப்பதாம்மா குடிச்சிட்டு வந்தோம்," என்றார் பெண்ணின் அம்மா.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். நான் எதிரில் உட்கார்ந்தேன். "பரவால்லீங்கம்மா, மெதுவா குடிங்க. காபி குடிச்சப்புறம்தாங்க இங்க மூட்ட பிரிக்கிறது," என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் மூட்டையின் முடிச்சில் கை வைக்கவில்லை. ஏழு புடவையும் போனால் போகட்டும் என்று அந்த நிமிடம் நிஜமாகவே நினைத்தேன். அடுத்த நிமிடமே ஏழு புடவையின் லாபத்தை மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

பெண்தான் முதலில் டம்ளரை எடுத்தாள். பாதி குடித்துவிட்டு, "நல்லா இருக்குக்கா. அம்மா, ஆறிப்போவுது பாரு," என்றாள். அம்மா மகளைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு எடுத்துக் குடித்தார். அத்தை எடுக்கவில்லை. மூன்றில் இரண்டு போதும் என்று முடிச்சை அவிழ்த்தேன்.

இரண்டு மணி நேரம் பார்த்து ஏழையும் எடுத்தார்கள். முகூர்த்தப் புடவையைத் தேர்ந்தெடுத்தது அத்தைதான். நல்ல கண் அவருக்கு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது அவருடைய காபி ஏடு கட்டி அப்படியே இருந்தது. "எனக்கு வயிறு சரியில்லம்மா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"அதுக்கின்னாங்க," என்று சொல்லி அந்த டம்ளரை எடுத்து, அவர் எதிரிலேயே நின்று நானே குடித்தேன். ஆறியிருந்தது, ஏடு உதட்டில் ஒட்டியது. காபியில் ஒரு குறையும் இல்லை.