ஹவுஸ் ஓனர் குடியிருக்கும் குகை

வாடிக்கையாளரின் வாயை அடைத்துவிட்டுப் பிழைக்கிற தொழில்கள் உலகத்தில் இரண்டுதான்: ஒன்று பல் டாக்டருடையது, இன்னொன்று என்னுடையது. முகத்தில் கண்ணாடி மாஸ்க்கை மாட்டி, வாயில் மூச்சுக்குழாயைச் செருகி, மனிதர்களைக் கடலில் மிதக்க விடுகிறேன். சனிக்கிழமை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சி. தேறியவர்களை ஞாயிறு காலை கோவளத்துக்கு அப்பால் ஒரு பாறைக் குகைக்குப் படகில் கூட்டிப் போவேன்.

குகை என்றதும் பயந்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் வாசல், தண்ணீர் இரண்டு ஆள் ஆழம், தலைக்கு மேலே தாராளமாகக் காற்று. அவர்கள் மேலே குப்புற மிதப்பார்கள். நான் முதுகில் சிலிண்டரோடு அடியில் போவேன். தினமும் நாலு பேரைச் சமாளித்துச் சோறு சாப்பிடுகிறவராக இருந்தால், மீதியை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

பள்ளிக்கரணை சலுகை

ஒரு ஆபீஸர் வந்தார், பள்ளிக்கரணைக்காரர். குளத்தங்கரையில் நின்றபடி ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். சுறா வருமா? (குளத்தில்!) கடல் தண்ணீர் சட்டையில் கறை பிடிக்குமா? மத்தியானத்துக்கு வீடு திரும்பிவிடலாமா? எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். பொறுமை எனக்குக் கடல் கொடுத்தது. ஒருமுறை என் காலைக் கவ்விய நண்டு, தானாக மனம் மாறி விடும்வரை முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றவன் நான்.

கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "சார், இதுக்குப் போய் கோவளம் வரைக்கும் எதுக்கு? நவம்பர் மழையில எங்க தெருவுக்கு வாங்க. வாசப்படி எறங்கினா போதும், மூச்சுக்குழாய் மட்டும் நீங்க கொண்டு வந்துடுங்க."

ஓனர்

அந்தக் குகைக்குள் ஒரு களவா மீன் இருக்கிறது. கிழட்டு மீன். கீழுதட்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு, 'யாரைக் கேட்டு உள்ளே வந்தே?' என்கிற மாதிரி பார்க்கும். அதனால் அதற்கு ஹவுஸ் ஓனர் என்று பேர் வைத்திருக்கிறேன். எனக்கும் அதற்கும் நல்ல பழக்கம். என் தொந்தி குகை வாசலில் சிக்கிக்கொண்ட அன்று பின்னாலிருந்து முட்டித் தள்ளியதே அதுதான். இதை நான் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்களில் யார் கண்ணிலும் ஓனர் இதுவரை பட்டதில்லை. அவருக்குக் கூச்ச சுபாவம்.

காட்டாங்குளத்தூர் மாணவன் ஒருவன் இரண்டாம் முறை வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்: "சார், போன வாரம் ஓனர் மூணடினு சொன்னீங்க, இந்த வாரம் ஆறடி. வாடகைப் பணத்துல நல்லா சாப்பிடறாரோ?"

படிக்கட்டு வரை

முடிச்சூரில் சிமென்ட் கடை வைத்திருக்கும் ஏகாம்பரம் ஒரு சனிக்கிழமை தன் மகள் மேகலாவோடு வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய மீசை வந்தது. இரண்டு பக்கமும் முறுக்கி எண்ணெய் தடவிய மீசை; உள்ளூரில் கடைக்கே 'மீசைக்காரர் கடை' என்றுதான் பேராம்.

மேகலா தாம்பரத்தில் கண் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்ப்பவள். சில வருஷங்களுக்கு முன் வெள்ளம் வந்தபோது வீட்டில் அவள் மட்டும் இருந்திருக்கிறாள். தண்ணீர் ஏற ஏற, பரண்மேல் ஏறி உட்கார்ந்து, படகு வரும்வரை பாத்திரங்களுக்கு நடுவே கிடந்தாளாம். அப்பா கடைப் பக்கம் மாட்டிக்கொண்டார். அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு குரோம்பேட்டையில் மாமாவின் மூன்றாவது மாடிக்குப் போய்விடுகிறாள். கார்த்திகை முடிந்துதான் வீடு. "இந்த வருஷம் ஓடக் கூடாதுன்னு பாக்கறேன் சார்" என்றாள். வந்தவள் குளத்தின் மூன்றாம் படிக்கட்டில் உட்கார்ந்தாள். நாலாம் படி அவளுக்கு அமெரிக்கா.

மூன்று சனிக்கிழமை அப்படியே போயிற்று. நான் ஓனரை ஒன்பதடி வரை வளர்த்துப் பார்த்தேன், சிரித்தாளே தவிர நகரவில்லை. நாலாவது வாரம் அப்பாவைக் கைகாட்டிச் சொன்னாள்: "அன்னிக்குத்தான் அவர் பக்கத்துல இல்ல. இன்னிக்கு அவர் மொதல்ல தண்ணியில மூஞ்சியை வெக்கட்டும் சார், நான் கூடவே வெக்கறேன்."

ஒழுகும் மீசை

அப்பா தயார்தான். சிக்கல் மீசையில் இருந்தது. மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு மூக்குக்குக் கீழே தோலோடு ஒட்ட வேண்டும். நடுவில் மயிர் இருந்தால் தண்ணீர் கசியும். ஏகாம்பரத்தின் மீசை வழியாகக் கசியவில்லை, கால்வாய் பாய்ந்தது. வாஸ்லின் அப்பினோம். மீசை மினுமினுத்தது, தண்ணீர் இன்னும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கொஞ்சம் விட்டிருந்தால் மாஸ்க்குக்குள் கெண்டை வளர்த்திருக்கலாம். அவர் இருமிக்கொண்டு எழ, பக்கத்தில் இருந்த மேகலா மறுபடி படிக்கட்டுக்கு ஏறிவிட்டாள்.

"எடுத்துட்டா சரியாயிடும்" என்றேன். ஏகாம்பரம் என்னை முறைத்தார். "இன்னா சார் பேசற நீ? இத்த எடுத்துட்டு நான் எப்பிடி கல்லால குந்தறது? கடன் கேக்க வர்றவன் எவனாவது எனக்குப் பயப்படுவானா?"

மாலை

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் யாரிடமும் சொல்லாமல் சலூனுக்குப் போயிருக்கிறார். எங்கள் பக்கம் மீசைக்காரன் மீசையை மழித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெத்தவர் போய்விட்டார். சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேலையை முடித்திருக்கிறார். ஏகாம்பரம் தெருமுனை திரும்புவதற்குள் சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் பெரிய ரோஜா மாலையோடு ஓடி வந்தார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தவர் ஏகாம்பரத்தின் அப்பா. மாலையைப் பார்த்தார். மகனின் மொழுமொழு முகத்தைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். மேகலா ஜன்னலில் நின்று இதைப் பார்த்துச் சிரித்தாளாம்; வெள்ளத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை என்று என்னிடம் சொன்னாள். தாத்தா சொன்னது இது: "டேய் ஏகாம்பரம், மீச போனா மொளைக்கும்டா. நான் போனா மொளைப்பனா?"

உள்ளே

சனிக்கிழமை ஏகாம்பரத்தின் மாஸ்க் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவர் குப்புற விழுந்தார், மேகலாவும் விழுந்தாள். தலையைத் தூக்கினாள், மறுபடி வைத்தாள். அதற்கப்புறம் அவளை வெளியே வரவழைக்கத்தான் எனக்குத் தொண்டை வறண்டது.

பங்குனி முடியும் ஒரு ஞாயிறு, கடல் கண்ணாடிபோல இருந்தது. குகை வாசலில் அவள் நின்றுவிட்டாள். இருட்டு, மேலே பாறை, கீழே தண்ணீர். பரண் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அடியிலிருந்து நான் பார்க்கிறேன், இரண்டு ஜோடிக் கால்களும் அசையவில்லை. திரும்பிவிடுவாள் என்றே நினைத்தேன். அப்புறம் ஏகாம்பரத்தின் கை நீண்டது. அவள் அதைப் பிடித்தாள், உள்ளே போனாள், பாதிக் குகையில் கையை விட்டாள். மறுவாசல் வெளிச்சம் அவள் முகத்தில் விழும்வரை தனியாகவே போனாள்.

குகைத் தரை முழுக்க நான் தேடினேன். இரண்டு நண்டுகளைத் தவிர யாரும் இல்லை. ஓனர் அன்று வெளியூர். ஆனால் வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றியதும் மேகலா கத்தினாள்: "பார்த்தேன் சார்! பன்னெண்டடி! வீட்டுக்குள்ள பன்னெண்டு மாசமும் தண்ணி நிக்குது, மனுஷன் இன்னும் ஒரு பரண்கூடக் கட்டல!"

அந்த ஐப்பசியில் அவள் குரோம்பேட்டைக்குப் போகவில்லை; மழை வந்தால் வேண்டியிருக்கும் என்று எடுத்துப்போன என் மாஸ்க்கும் இன்னும் முடிச்சூரிலிருந்து திரும்பி வரவில்லை.