நண்டு வளைகளைப் பற்றிய சுருக்கம்

என் கணவர் இறந்து மூன்று வாரம் கழித்து அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையின் ஆசிரியர் எழுதியிருந்தார். மகாபலிபுரம் கடற்கரை நண்டுகளின் வளைகளைப் பற்றி என் கணவர் அனுப்பிய கட்டுரையை ஏற்றுக்கொண்டார்களாம். அதில் சுருக்கம் மட்டும் இல்லை என்று கையெழுத்துப் பிரதியையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இருநூறு வார்த்தைக்கு மேற்படாமல் எழுதி ஒரு மாதத்துக்குள் அனுப்பவேண்டும்.

என் கணவர் செங்கல்பட்டில் பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியர். ஆராய்ச்சி செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நான்கு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் கடற்கரைக்குப் போய்விடுவார். அதற்காக நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். கடைசி ஞாயிறன்று, அந்த நண்டையே கட்டிக்கொண்டிருக்கலாமே என்றேன். சிரித்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு போனார். வியாழக்கிழமை வகுப்பில் கரும்பலகை முன்னால் சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அந்த இங்கிலீஷ் கட்டுரையை நல்ல கையெழுத்தில் நகல் எடுத்தது நான்தான். எழுத்தைப் பார்த்து எழுதினேனே தவிர, என்ன சொல்கிறார் என்று அப்போது படிக்கவில்லை. இப்போது அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன்.

முதலில் எழுதிய சுருக்கம் ஆறு பக்கம் வந்தது. வெயிலில் அவர் நின்றது, வளைக்குள் குச்சி விட்டு ஆழம் பார்த்தது எல்லாம் அதில் இருந்தன. அடித்து அடித்து ஒரு பக்கமாக்கினேன். 'அளக்கப்பட்டன' என்றுதான் ஆராய்ச்சி இங்கிலீஷில் எழுதவேண்டும். யார் அளந்தார் என்பதற்கு இடமில்லை. முடிவு மட்டும் பிடிபடவில்லை. வெயில் காலத்தில் வளைகள் தண்ணீர்ப் பக்கம் இறங்குகின்றன என்றது கட்டுரை. அவர் நோட்டுப் புத்தகத்திலோ சித்திரை மாதக் கணக்கில் மேட்டு மணலில் நிறைய வளைகள் இருந்தன.

கேட்பதற்கு ஒருவர்தான் இருந்தார். என் கணவருக்குக் கயிறு பிடித்து அளக்க உதவிய மீனவர். பஸ் ஏறிப் போய் விசாரித்தேன். வலையை உதறிக்கொண்டிருந்தவர் என்னை யாரென்று தெரிந்ததும், சார் ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சொன்னேன். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். "மேட்டுல இருந்தது வேற சாதிம்மா, செவப்பு நண்டு. அத்தச் சேக்க வாணாம்னு சாரே சொன்னாரு" என்றார். கட்டுரை சரிதான்.

புறப்படும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டு மாசமாவே நெஞ்சப் புடிச்சிகினு குந்திடுவாரும்மா. வூட்ல தெரிஞ்சா அனுப்ப மாட்டாங்க, சொல்லாதன்னாரு. நானும் சொல்லாம வுட்டுட்டேன்."

மீனவர்மேல் கோபம் வந்தது; என் கணவர்மேல் அதைவிட வந்தது. சொல்லியிருந்தால் நான் வைத்தியரிடம் அழைத்துப் போயிருப்பேன். கடற்கரைக்கு நிச்சயம் விட்டிருக்கமாட்டேன். பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் சுருக்கத்தை முடித்தேன். கட்டுரையின் கடைசி வரி, இந்த ஆராய்ச்சி மேலும் தொடர்ந்து நடைபெறுகிறது என்றிருந்தது. அதையும் நானே அடிக்கவேண்டியிருந்தது. அந்த ஒரு கோடு போட ஒரு பகல் ஆயிற்று. அவர் காலமான செய்தியைத் தனித்தாளில் எழுதி வைத்து எல்லாவற்றையும் தபாலில் சேர்த்தேன்.

எட்டு மாதம் கழித்து அச்சாகி வந்தது. நான் எழுதியதில் இரண்டு வார்த்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒரு பிரதியை மகாபலிபுரத்துக்குக் கொண்டுபோய், சுருக்கத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். மீனவர் கடைசிவரை கேட்டார்.

"சாரு எறந்துட்டாருன்னு அதுல போட்டுகீதா?" என்றார்.

இல்லை, அதெல்லாம் இதில் போடமாட்டார்கள் என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.