கஞ்சி வீட்டுக்கு வசூல்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சேரப்பணஞ்சேரியில் பஸ்ஸை விட்டு இறங்கிய முதல் நாள், வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "வூடு கீது" என்றார். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் வீடு கீடு என்று யாராவது சொன்னால் அது நக்கல். முகம் சுண்டிப்போய் நடையைக் கட்டினேன். கூட வந்த பாண்டிதான் திரும்பிப் போய் விசாரித்தான். கீது என்றால் இருக்கிறது என்று அர்த்தமாம். ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள், ஒரே தமிழ்தானே என்று சிரிப்பார்கள். இங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அப்படிக் கிடைத்ததுதான் கஞ்சி வீட்டின் பின்கட்டு. பஞ்ச காலத்தில் பிழைக்க வழியில்லாமல் நடந்து வந்தவர்களுக்கு அந்த வீட்டு முற்றத்தில் கஞ்சி ஊற்றினார்களாம். பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் காலத்தில் அங்கே சுவரெல்லாம் ஓதம், மொட்டைமாடியில் அரசஞ்செடி. வீட்டுக்காரர் ராகவன் சார் ஸ்ரீபெரும்புதூர்க்காரர், வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைப் பழையபடி எடுத்துக் கட்ட ஒரு கமிட்டி போட்டார். எங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "இது உங்க வீடும்தான்ப்பா. வேலை முடிஞ்சதும் இதே வாடகைக்கு இங்கயே இருக்கலாம்" என்றார். ஊரில் அப்பா கட்டிய ஓட்டு வீட்டுக்குக்கூட நான் ஒரு செங்கல் வாங்கிக் கொடுத்ததில்லை. இந்த வீட்டுக்கு உண்டியல் தூக்கினேன்.

வசூலில் மன்னன் பாண்டி. என் ஊர்க்காரன், என்னைவிட நாலு வயது சின்னவன், வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் என் கம்பெனியிலேயே காண்ட்ராக்ட் ஆள். கம்பெனி பஸ்ஸில் எழுந்து நின்று, "பசிச்சு வந்தவன எந்தூருன்னு கேக்காமக் கஞ்சி ஊத்துன வீடுண்ணே" என்று ஆரம்பித்தால் தூங்குகிறவன்கூடப் பையைத் துழாவுவான். கம்பெனியில் எங்கள் லைனைப் பார்த்துக்கொண்ட கொரியன் இன்ஜினியருக்குக் கையைக் காலை ஆட்டி விளக்கினான். அவர் பாண்டியின் சொந்த வீடே இடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பணத்தை இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்து கும்பிட்டார். அன்றிலிருந்து தினமும் "ஹவுஸ் ஓகே?" என்று கேட்பார். "ஓகே சார்" என்பான் பாண்டி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே மாடியைச் சுத்தம் செய்யப் போனோம். அரசஞ்செடியை வேரோடு இழுக்கிறேன் என்று பாண்டி காலை ஊன்றினான். அடியில் இருந்த உத்தரத்தைக் கரையான் தின்றிருந்தது. செங்கல், சுண்ணாம்பு, செடி, பாண்டி எல்லாம் சேர்ந்து கூடத்தில் போய் விழுந்தன. நான் இறங்கி ஓடியபோது கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தான். "அண்ணே, யாரு என் கால மிதிச்சிக்கிட்டு இருக்கா?" என்று கேட்டான். அவன் கால் பக்கத்தில் யாருமே இல்லை.

முதுகெலும்பு முறிந்திருந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தால் ஓரளவு தேறலாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு வெளியே நடந்தது என்று காண்ட்ராக்டர் கையை விரித்தார். ராகவன் சாரிடம் ஓடினேன். கமிட்டி கூடியது. அவர் கண் கலங்கித்தான் பேசினார், அதையும் சொல்லிவிட வேண்டும். "வீட்டுக்குன்னு குடுத்த பணம்ப்பா. ஆளுக்கு எடுத்துச் செலவு பண்ணா குடுத்தவங்களுக்குத் துரோகம் பண்ணதாயிடும்." மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கி வந்தார்.

உண்டியலைத் தூக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். இந்த முறை பாண்டிக்காக. எனக்கு அவன் மாதிரிப் பேச வரவில்லை. "போன மாசந்தான குட்த்தோம், இன்னும் இன்னாடா?" என்று பின்சீட்டில் ஒருவன் கேட்டான். மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். லைனில் கொரியன் வந்து "ஹவுஸ் ஓகே?" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாண்டி விழுந்ததைச் சொன்னேன். வீடு மறுபடியும் விழுந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, அடுத்த நாளே ஒரு கவரைக் கொண்டுபோய் கமிட்டியிடம் கொடுத்துவிட்டார்.

கமிட்டி, கூரையில் விழுந்த ஓட்டையைப் படம் எடுத்து நோட்டீஸ் அடித்தது. ஓட்டையைப் பார்த்துப் பெரிய கம்பெனிகள் பணம் கொடுத்தன. பாண்டியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆபரேஷன் நடக்கவில்லை. அவன் அப்பா வந்து, வேனில் பாயை விரித்துப் படுக்கவைத்து ஊருக்குக் கூட்டிப்போனார். எங்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். பின்கட்டு இப்போது வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸ்.

திறப்பு விழா முடிந்து ஒருநாள் போய்ப் பார்த்தேன். வெள்ளையடித்து, தூணுக்கெல்லாம் பாலிஷ் போட்டு, வீடு அழகாகத்தான் இருந்தது. வாசலில் கல்வெட்டு. கம்பெனிகளின் பெயர், உள்ளூர்ப் பெரியவர்களின் பெயர், அடியில் "மற்றும் வெளியூர் அன்பர்கள்". கல்லைத் தடவிக்கொண்டு நின்றேன். காவலுக்கு இருந்தவர் வந்தார். "இன்னா வோணும்? எந்த ஊரு நீ?" ஏழு வருஷமாய் அந்தத் தெருவில் நடந்தவன் நான்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். பாண்டி வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்திருந்தான். இடுப்புக்குக் கீழே போர்வை. "நம்ம வீடு எப்படிண்ணே இருக்கு?" என்றான். நல்லா இருக்கு என்றேன். "ஒழுகலேல்ல?" "இல்லடா." அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எதிர்ச் சுவரில் கொடை நோட்டீஸை அப்போதுதான் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள், பசைகூடக் காயவில்லை. கோயில் வரி கொடுத்தவர்களைத் தெருவாரியாக அச்சடித்திருந்தார்கள். எங்கள் தெருவில் பாண்டி பெயர் இருந்தது. என் பெயரைத் தேடினேன். கட்டிலில் இருந்தபடியே பாண்டி விரலை நீட்டிக் காட்டினான். "ஒன்னய கீழ போட்ருக்காங்கண்ணே. கடைசி வரி." வெளியூர் வாழ் அன்பர்கள் என்று இருந்தது.